சுஜாதாவின் முகத்தை அகலப்படுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்ச் சினிமா நடிகைகளைப் பற்றி உங்கள் வார மலரில் வந்துகொண்டிருக்கும் குறிப்புகளில் சுஜாதாவைப் பற்றிய குறிப்பை வாசித்தோம். அம்மா வேடத்துக்குப் பேர்போனவர் என்று தொடங்கி, இலங்கையின் காலி நகரில் பிறந்ததால் அவர் எங்கள் நாட்டு நடிகை என்று முடித்திருந்தீர்கள். பக்கத்தில் போட்டிருந்த 'அவர்கள்' படக் காட்சியோ பத்தியின் அகலத்துக்கு இழுபட்டு, அவரது கன்னம் இரண்டும் வீங்கினாற்போல் இருந்தது. இந்த மூன்றைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறோம்.

பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். 1952 டிசம்பர் 10ஆம் திகதி காலியில் பிறந்தார் என்பது சரி. குடும்பம் மலையாளக் குடும்பம். பிள்ளைப் பருவம் இங்கே, பிறகு கேரளம், அங்கே நாடக மேடை, 1971 அளவில் மலையாளப் படங்கள். கே. பாலசந்தர் 1974இல் 'அவள் ஒரு தொடர்கதை'யில் நடிக்க வைத்தபோதுதான் தமிழ்ச் சினிமாவுக்கு வந்தார். காலியில் பிறந்ததற்காக அவரைச் சொந்தம் கொண்டாடுவதென்றால், இந்த மண்ணிலேயே எடுத்த 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகிய படங்களில் நடித்த எங்கள் பெண்களை எந்தக் கணக்கில் வைப்பது? அவர்களைப் பற்றி உங்கள் மலரில் இன்னும் ஒரு வரியும் வரவில்லை.

இனி அம்மா வேடம். 1977இல் வந்த 'அவர்கள்' படத்தில் ரஜினிகாந்த் சுஜாதாவுக்குக் கணவர். 1993இல் 'உழைப்பாளி'யில் அதே ரஜினிக்கு அவர் தாய். 2002இல் 'பாபா'விலும் தாய். ரஜினி பிறந்தது 1950 டிசம்பரில். மகனைவிடத் தாய்க்கு இரண்டு வயது குறைவு. இந்தக் கணக்கைச் சினிமாத்துறை கூச்சமில்லாமல் போட்டது, பார்த்தவர்களும் கேட்கவில்லை. கதாநாயகனுக்கு நாற்பது வயதிலும் இருபது வயதுக் காதலி கிடைப்பாள்; அவனோடு முன்பு சோடி சேர்ந்தவள் அண்ணியாகி, அக்காவாகி, அம்மாவாகி, பூசையறையில் விளக்கேற்றுவாள். சுஜாதாவை மட்டும் பிடித்த வியாதியல்ல இது. ஆனால் அம்மா வேடத்தாலேயே அவரை அடையாளம் காட்டுவது அந்தத் துறை செய்த அநியாயத்துக்குக் கையொப்பம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

அவரது உண்மையான உழைப்பு 1974 முதல் 1977 வரையான நான்கு வருடங்களில் குவிந்து கிடக்கிறது. 'அவள் ஒரு தொடர்கதை', 'மயங்குகிறாள் ஒரு மாது', 'அன்னக்கிளி', 'அவர்கள்'. இவற்றில் முதலாவதும் கடைசி இரண்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள். பிறகு கலர் வந்தது, பெரிய கதாநாயகர்கள் வந்தார்கள். 'தீபம்', 'அண்ணன் ஒரு கோயில்', 'அந்தமான் காதலி', 'தீர்ப்பு' என்று சிவாஜி கணேசனோடு நடித்த படங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் காட்சியின் கனம் முழுக்கச் சிவாஜி பக்கம் இருக்கும். இவர் பக்கத்தில் நின்று அதைச் சரியாமல் பிடித்துக்கொள்வார். 1979இல் பாலசந்தரின் 'நூல்வேலி'யில் மறுபடி முழு வேடம் கிடைத்தது. 1984இல் 'விதி' வந்தபோது வயது முப்பத்தொன்று. வாதாடும் வழக்கறிஞர் வேடம். நீதிமன்ற வசனங்களை ஒலிநாடாவாக விற்று, தமிழ்நாட்டில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில்கூடப் போட்டார்கள். பாட்டுக்குப் பதில் வசனம் ஒலித்த காலம் அது. அதன் பிறகு பெரும்பாலும் அம்மாதான். 2006இல் வந்த 'வரலாறு'வில் அஜித்துக்கு அம்மா. 2011 ஏப்ரல் 6ஆம் திகதி சென்னையில் காலமானார். விருதுப் பட்டியலை விட்டுவிடுகிறோம். அதை யாரும் தேடி எடுக்கலாம்.

அந்த நான்கு வருடத்தில் அவர் செய்தது என்ன? அடுத்தவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிப் பார்த்தால் சின்ன விடயம்தான். 'அவள் ஒரு தொடர்கதை'யில் அவருக்குக் கவிதா என்று பெயர். குடித்துத் திரியும் அண்ணன், அவன் மனைவி பிள்ளைகள், விதவைத் தங்கை, கண் தெரியாத தம்பி, தாய் என்று ஒரு வீடு முழுவதும் அவளது ஒருத்தியின் சம்பளத்தில் சாப்பிடுகிறது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், கணக்குக் கேட்கிறாள், ஏசுகிறாள். அந்தப் படத்தின் பேர்போன பாட்டு 'தெய்வம் தந்த வீடு'. கண்ணதாசன் எழுதி, எம். எஸ். விஸ்வநாதன் இசையில் யேசுதாஸ் பாடியது. திரையில் வாயசைப்பவர் அண்ணனாக வரும் ஜெய்கணேஷ். உழைக்காத அண்ணன் உழைக்கும் தங்கைக்குத் தத்துவம் பாடுகிறான். பாட்டு அவனுடையது, ஆனால் அந்தக் காட்சியைச் சுமப்பது ஒரு வார்த்தையும் பேசாத சுஜாதாவின் முகம். கோபம் கண்ணுக்கு வரும், உதட்டுக்கு வராது. தாடை சற்று இறுகும். பார்வை பாடுபவனை விட்டு விலகி எங்கோ போய்த் திரும்பும். அழுகை என்று சொல்ல முடியாது, அழாமல் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது.

போருக்குப் பின் பெண்களின் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் எங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனையோ. விடிய முதல் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஏ9 வீதியில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்குக் கவிதா யாரென்று விளக்கத் தேவையில்லை. அவர்களுக்குப் படத்தை ஒழுங்காகக் காட்டினால் போதும். ஒழுங்காகக் காட்டுவதில்தான் பிழை நடக்கிறது. இந்தக் கடிதத்தின் மிச்சம் அதைப் பற்றியதே. சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் பழைய படம் போடும் வழக்கம் மெல்லத் திரும்பி வருவதால் விபரமாகவே எழுதுகிறோம்.

கைத்தொலைபேசியில் வரும் துண்டுகளை முதலில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தின் சட்டகம் ஏறக்குறைய 4:3. அதாவது நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். அதைக் கைத்தொலைபேசிக்காக நெட்டுக்கு 9:16 ஆக வெட்டினால் படத்தின் அகலத்தில் 42 வீதம்தான் மிஞ்சும். வெட்டுபவர் யாரை வைத்துக்கொள்வார்? பேசுபவரைத்தான். கேட்டுக்கொண்டு நிற்பவர் வெளியே போய்விடுவார். மற்ற நடிகைகளுக்கு இதனால் பாதி நட்டம் என்றால் சுஜாதாவுக்கு முழு நட்டம். வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு 'இவ என்ன பெரிசா நடிச்சிட்டா' என்று கேட்கும் பிள்ளைகளில் குற்றமில்லை. அவர்கள் பார்த்த துண்டில் அவர் இருந்திருக்கவே மாட்டார்.

முழுப் படமாகக் கிடைக்கும் பிரதிகளிலும் இரண்டு விதப் பழுது உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்து உண்டு, மற்றதற்கு இல்லை. படத்தில் வட்டமான பொருள் ஒன்று நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பஸ் சில்லு, சுவர் மணிக்கூடு, எதுவானாலும் சரி. அது முட்டை வடிவில் படுத்துக் கிடந்தால் படத்தை இந்தக் காலத்து அகலத் திரை அளவான 16:9க்கு இழுத்திருக்கிறார்கள். முகத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். உங்கள் பத்திரிகையில் வந்த படத்துக்கும் இதுதான் நடந்தது. கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. பிளேயரில் படம் ஓடும்போது ஏ எழுத்து விசையை அழுத்த அழுத்த அளவு மாறிக்கொண்டு வரும். 4:3 என்று திரையில் எழுத்து வரும்போது விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். அதைப் பார்த்து, படம் சின்னதாகிவிட்டது என்று யாராவது வந்து திரும்ப இழுத்துவிடுவார்கள். லப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆளை இருத்துங்கள்.

சில்லு வட்டமாகவே இருந்து, தலைமயிரும் நாடியும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் கால்வாசியைக் கத்தரித்திருக்கிறார்கள். படத்தின் தொடக்கப் பெயர் எழுத்துகள் ஓரத்தில் அறுபடுவதும் இதற்கு அடையாளம். இதை எந்த விசையாலும் மீட்க முடியாது. வேறு பிரதி தேடுங்கள். தெளிவு குறைந்த பழைய 4:3 பிரதி, எச்.டி. என்று பெயர் போட்டுக் கத்தரித்த பிரதியைவிட ஆயிரம் மடங்கு மேல். பொருத்தமான புரொஜெக்டரும் அப்படித்தான். பாடசாலைகளில் தூசு பிடித்துக் கிடக்கும் பழைய 1024க்கு 768 வகை புரொஜெக்டரின் சட்டகமே 4:3. புதிய அகலப் புரொஜெக்டரில் இந்தப் படத்தைப் போட்டால் இரண்டு பக்கத்து வெளிச்சம் வீணாகும். பழையதை ஒதுக்காதீர்கள், லாம்பு மங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது வேகம். இதை அநேகமாக ஒருவரும் கவனிப்பதில்லை. ஃபிலிம் செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும். எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் இருந்த தொலைக்காட்சி முறை செக்கனுக்கு 25. ஃபிலிமைத் தொலைக்காட்சிக்கோ வீசீடிக்கோ மாற்றியபோது 24 சட்டகத்தை 25 ஆகவே ஓட்டிவிட்டார்கள். படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாகிறது. குரல் அரைச் சுருதிக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறுகிறது. சுஜாதாவின் குரலில் ஒரு அடிக் கனம் உண்டு, தொண்டையின் கீழிருந்து வரும் குரல். நான்கு வீதம் ஏறினால் அது மெலிந்து, சிணுங்கல் போலாகிவிடும். 'விதி' நீதிமன்றக் காட்சியில் சிணுங்கினால் வழக்குத் தோற்றுவிடும்.

வேகம் ஏறிய பிரதியா என்று கண்டுபிடிக்க, படத்தில் வரும் பாட்டையும் அதே பாட்டின் இசைத்தட்டுப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஊரில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர் இருந்தால் அவர் காதே போதும். ஏறியிருந்தால் வி.எல்.சி.யின் அடிப்பட்டியில் 1.00 என்று இருக்கும் வேகத்தை 0.96க்கு இறக்குங்கள். இதோடு நிறுத்தினால் வேகம் குறையும், சுருதி குறையாது. ஏனென்றால் அந்தப் பிளேயர் சுருதியை இருந்தபடியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒலிக்கான அமைப்புகளுக்குள் போய் 'டைம் ஸ்ட்ரெச்சிங் ஓடியோ' என்பதில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால்தான் குரலும் தன் இடத்துக்கு இறங்கும்.

வெட்டுப்பட்ட பிரதியா, வேகம் ஏறிய பிரதியா என்பதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். படத்தின் தொடக்கத்தில் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் வரும். அதில் படத்தின் நீளம் மீற்றரில் எழுதியிருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 27.4 மீற்றர் ஓடும். 4,000 மீற்றர் என்று இருந்தால் 27.4ஆல் வகுங்கள்: 146 நிமிடம். உங்கள் பிரதி 140 நிமிடம் ஓடினால் வேகம் ஏறியிருக்கிறது, வெட்டில்லை. 125 என்றால் வேகத்தோடு கால் மணித்தியாலமும் போய்விட்டது. தொலைக்காட்சிக்காக வெட்டும்போது பாட்டையும் சண்டையையும் விட்டுவைத்து, ஒருவரும் பேசாத இடங்களையே முதலில் எடுப்பார்கள். யாருக்கு நட்டம் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழே வெட்டுப்பட்ட பிரதியும் உண்டு. அங்கே இந்தக் கணக்குச் சரிவராது.

ஒலி பற்றி. அன்றைய ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒற்றைத் தடம். 8,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதில் குரலுக்கு உதவுவது அநேகமாக ஒன்றும் இல்லை, இரைச்சல்தான். ஆகவே ட்ரெபிள் என்ற மேல் ஒலியைக் கூட்டினால் மழை பெய்வது போல் கேட்கும். பாஸ் என்ற அடி ஒலியைக் கூட்டினால் பேச்சு குழம்பும். இந்தக் காலத்து ஒலிபெருக்கிக்காரர் பெட்டியை இறக்கிய கையோடு பாஸைக் கூட்டுவார், தடுத்துவிடுங்கள். இரண்டையும் நடுவுக்குக் கீழே வைத்து, 1,000 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரையான நடுப்பகுதியை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். கோயில் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கி வேண்டாம். இரண்டு பெட்டி ஸ்பீக்கரைத் திரையின் இரு பக்கமும், இருப்பவர்களின் காதுக்குச் சற்று மேலே வரும்படி மேசையில் வையுங்கள். நிலத்தில் வைத்தால் முன்வரிசைக்கு இடி, பின்வரிசைக்கு முணுமுணுப்பு.

ஒரு சின்னக் கரைச்சல், ஆனால் பெரிய நாசம்: லப்டொப்பின் சார்ஜர் சொருகியிருக்கும்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். மின்வயரின் எர்த் இரண்டு வழியால் சுற்றுவதால் வருவது. பாட்டு நேரத்தில் தெரியாது. அமைதியான காட்சியில் அது மட்டும்தான் கேட்கும். லப்டொப்பை முழுதாகச் சார்ஜ் செய்து, படம் தொடங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இடைவேளையில் மறுபடி போடலாம். வைஃபையையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் முக்கியமான கட்டத்தில் அப்டேட் கேட்டுத் திரை நீலமாகும்.

திரை எட்டடி அகலம், ஆறடி உயரம் என்றால் எண்பது பேர் வரை பார்க்கலாம். கீழ் விளிம்பு நிலத்திலிருந்து நான்கடி மேலே நிற்க வேண்டும், தலை மறைக்காது. படுக்கை விரிப்பைக் கட்டினால் வெளிச்சம் ஊடுருவிப் பின்னால் போய்விடும். பின்னுக்குக் கறுப்புத் துணி ஒன்று சேர்த்துக் கட்டுங்கள். கீழ் விளிம்பில் மூங்கில் ஒன்றைத் தைத்து இரண்டு பக்கமும் மண்மூட்டையில் கட்டினால் காற்றுக்கு ஊதாது. மினுங்கும் ரெக்சின் கூடாது, நடுவில் வெளிச்சப் பொட்டு விழும். மட்டமான வெள்ளைச் சுவர் இருந்தால் எல்லாவற்றிலும் அதுவே நல்லது. புரொஜெக்டரைத் திரையிலிருந்து பதின்மூன்று அடியில், நேராக, சரிக்காமல் வையுங்கள். அநேகமான பழைய புரொஜெக்டர்களுக்கு அகலத்தின் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடிய தூரம்தான் கணக்கு. நிலத்தில் வைத்து மேலே நோக்கிச் சரித்துவிட்டு, கோணலைக் கீஸ்டோன் பொத்தானால் திருத்தினால் படத்தின் கூர்மை போய்விடும். உயரமான மேசை ஒன்று தேடுவது பெரிய வேலையில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இருட்டுத்தான் மூலப்பொருள். புரொஜெக்டர் கறுப்பைப் போடாது. வெளிச்சம் விழாத இடமே கறுப்பு. பக்கத்து வீட்டுப் பல்ப் திரையில் பட்டாலும் கறுப்பெல்லாம் சாம்பலாகும். பௌர்ணமி நாளான போயா விடுமுறை வசதி என்று அன்று வைக்கிறார்கள்; திறந்தவெளியில் முழுநிலாவுக்குக் கீழே 'அவர்கள்' போட்டால் பாதி முகம் தெரியாது. தேய்பிறை அட்டமிக்குப் பின் வரும் சனி இரவாகப் பாருங்கள், நிலவு நடுச்சாமத்துக்குத்தான் எழும். மாலை ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையோடு ஈசலும் வரும், நேரே லென்சில் போய் ஒட்டும். ஐம்பதடி தள்ளி, திரைக்கு எதிர்த் திசையில் ஒரு மஞ்சள் பல்ப் எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போகும். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் வைப்பதே புத்தி.

மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் பழக்கம் எங்கள் வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட சனம். புரொஜெக்டர், லப்டொப், அம்ப்ளிஃபையர் சேர்ந்து 500 வாற்றுக்கு மேல் போகாது, 1 கே.வி.ஏ. போதும். நூறடி தள்ளி, காற்று வீசும் பக்கத்துக்குக் கீழே வையுங்கள், 1.5 சதுர மி.மீ. மூன்று இழை வயர் அவ்வளவு தூரத்துக்குத் தாங்கும். புரொஜெக்டரை மட்டும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றின் வழியாகக் கொடுங்கள். மின்சாரம் திடீரென்று போனால் உள்விசிறி நின்றுவிடும், லாம்பு தன் சூட்டிலேயே வெந்து ஆயுள் குறையும். யூ.பி.எஸ். தரும் ஐந்து நிமிடம் முறைப்படி அணைத்து ஆறவிடுவதற்கு. அந்த ஐந்து நிமிடத்தில் படத்தைத் தொடர்ந்து ஓட்டப் பார்ப்பவர்கள்தான் லாம்பை எரிக்கிறார்கள்.

எந்தப் படத்தை எந்த ஒழுங்கில் போடுவது? வந்த வருட வரிசையில் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதலில் 'அன்னக்கிளி' (1976). தேவராஜ்–மோகன் இயக்கிய படம், இளையராஜாவின் முதல் படம். 'மச்சானப் பாத்தீங்களா' தெரியாத வீடு இல்லை. 'சுத்தச் சம்பா பச்சநெல்லு' தொடங்கினால் நெல்லுக் குத்திய கைகள் தானாகத் தாளம் போடும். எஸ். ஜானகியின் குரலை இத்தனை வருடமாக வானொலியில் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டுகளின் முகம் சுஜாதா என்பதே புதினமாக இருக்கும். அவர் அதில் ஊர் மருத்துவச்சி. இரண்டாவதாக 'விதி'. கலர், வேகம், வழக்கு, வசனம். அவர் குரலை மனதில் பதிக்க இதைவிட நல்ல படம் இல்லை. சின்னப் பிள்ளைகளை அன்று கூட்டி வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதை அப்படி.

மூன்றாவதாக 'அவள் ஒரு தொடர்கதை'. இதற்குள் சனம் அவரைப் பார்க்கப் பழகியிருக்கும், அவர் பேசாத நேரத்திலும் பார்க்கத் தொடங்கும். கமல்ஹாசனின் பலகுரல் பாட்டுக்குப் பொடியங்கள் விசிலடிப்பார்கள், அடிக்கட்டும். கடைசியாக 'அவர்கள்'. இதில் கமல் பேசும் பொம்மையோடு வருவார். முதல் படமாக இதைப் போட்டால் எல்லோரும் பொம்மையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விவாகரத்துப் பெற்ற பெண், திரும்பி வரும் கணவன், பழைய காதலன், சொல்லாமல் காதலிப்பவன், வேலைக்காரியாக வந்து சேரும் மாமியார் என்று சிக்கலான படம். மாமியாராக வரும் லீலாவதிக்கும் சுஜாதாவுக்கும் நடுவே நடப்பதைக் கவனிக்கச் சொல்லி ஒரு வரி முன்னுரை சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். முன்னுரை, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். மங்கள விளக்கேற்றி, மாலை போட்டு, நான்கு பேர் பேசி முடிய ஒன்பது மணியாகி, பெண்கள் பாதிப் படத்தில் எழும்பிப் போகும் திரையிடல்தான் இங்கே வழக்கமாக நடக்கிறது.

இன்னொன்று, இலவசமாகப் போட்டாலும் பொது இடத்தில் படம் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். பழைய படங்களின் உரிமை பல கை மாறியிருக்கும். இணையத்தில் அந்தப் படத்தை முழுதாக வெளியிட்டிருக்கும் நிறுவனத்தின் தொடர்பு முகவரிக்கு, எந்த ஊர், எத்தனை பேர், கட்டணம் இல்லை என்று மூன்று வரியில் எழுதிக் கேளுங்கள். திரையிடலுக்கு ஒரு மாதம் முன்பாவது கேட்க வேண்டும். அனுமதி தந்தால் நல்ல பிரதி இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வெட்டாத 4:3 பிரதி வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

இந்த வேலையில் சந்தேகம் உள்ள சனசமூக நிலையங்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால், இதே பக்கத்தில் பதில் தர நாங்கள் ஆயத்தம். சுஜாதா பற்றிய குறிப்பைத் திருத்தி மீண்டும் போடுவதானால் 'அவள் ஒரு தொடர்கதை', 'அன்னக்கிளி', 'அவர்கள்' ஆகிய மூன்றையும் வருடத்தோடு முதல் பத்தியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்த் திரையிடல்களுக்குக் கருவி இயக்குவோர்,
கிளிநொச்சி – முல்லைத்தீவு